உங்களுக்குத் தெரியுமா? விமானி தேர்வறைக்குள் எதற்கெல்லாம் அனுமதி?

அமெரிக்காவில் தனியார் விமானி உரிமத்துக்கான எழுத்துத் தேர்வில் 60 கேள்விகள். தேற 70 சதவீதம் வேண்டும். பாடநூல், குறிப்பேடு, அகராதி எதையும் உள்ளே கொண்டுபோக முடியாது. ஆனால் வான்வழி வரைபடங்களும் விமானச் செயல்திறன் அட்டவணைகளும் அடங்கிய புத்தகத்தைத் தேர்வு மையமே தரும். வரைபடக் குறியீடுகளுக்கான விளக்கமும் அதிலேயே இருப்பது பெரிய உதவி. கால்குலேட்டர் கொண்டுபோகலாம், நினைவகம் காலியாக இருக்க வேண்டும்.

1930களில் பிலிப் டால்டன் உருவாக்கிய ‘ஈ6பி’ வட்டக் கணிப்பானுக்கும் அனுமதி உண்டு. காற்றின் வேகத்தைப் பென்சிலால் புள்ளியிட்டு வட்டைத் திருப்பினால், விமானம் எத்தனை டிகிரி விலகும் என்று காட்டிவிடும்! அதன்மேல் நிரந்தரமாகப் பொறித்த சூத்திரங்களைத் தாராளமாகப் பார்க்கலாம்; கையால் எழுதிய குறிப்புக்கு இடமில்லை. தேர்வெழுதப் போகிறவர்கள் அந்த வட்டைச் சுழற்ற முன்கூட்டியே நன்றாகப் பழகிக்கொள்ளுங்கள்.