தாத்தாவின் காற்றுத் துப்பாக்கி: ஸ்பிரிங் மாற்றும் முன் சட்டம் அறிவோம்

ஈப்போ – பழைய ரப்பர் தோட்டத்து வீட்டைக் காலி செய்யும்போது தாத்தா காலத்துக் காற்றுத் துப்பாக்கி கிடைத்தால், 'ஸ்பிரிங்கை மாற்றினால் போதும்' என்றே பலருக்கும் தோன்றும்.

குழலை மடக்கும்போது உள்ளே ஸ்பிரிங் அழுந்தி, பிஸ்டன் பின்னால் சென்று கொக்கியில் நிற்கும். விசையை இழுத்ததும் பிஸ்டன் முன்னே பாய்ந்து காற்றை நெருக்கும். அந்தக் காற்றே குண்டைத் தள்ளுகிறது. ஸ்பிரிங் தளர்ந்தாலும், பிஸ்டன் முனையிலுள்ள தோல் வாஷர் காய்ந்தாலும் வேகம் குறையும்.

அதற்காக மிகக் கடினமான ஸ்பிரிங் போட்டால் அதிர்வு கூடி, குறி தவறும். மடக்காத நிலையிலும் ஸ்பிரிங் அழுத்தத்தில்தான் இருக்கும். உரிய கருவியால் பிடிக்காமல் பின்மூடியைக் கழற்றினால் அது முகத்தில் பாயலாம்.

இதைவிட முக்கியமானது சட்டம். இந்தியாவில் 4.5 மில்லிமீட்டர் குழலுள்ள, வேகம் குறைந்த காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. தமிழ்நாட்டுக் காணொளிகளைப் பார்த்து இங்கும் அப்படித்தான் என எண்ணிவிடக் கூடாது. மலேசியாவின் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி காற்றுத் துப்பாக்கியும் ஆயுதமே. வைத்திருக்கவும் உரிமம் வேண்டும். பழுதுபார்க்கும் தொழிலுக்கும் உரிமம் வேண்டும். தாத்தாவின் உரிமம் பேரனுக்குத் தானாக வந்துவிடாது.

எனவே, பட்டறையைத் தேடும் முன் காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்வதே பாதுகாப்பு.