ருஷ்ய மொழிக்குத் தமிழ் வாசல்

ருஷ்யாவில் படிக்கச் செல்லும் வெளிநாட்டு மாணவருக்கு முதல் சோதனை வைத்தியமோ, பொறியியலோ அல்ல. ருஷ்ய மொழிதான்!

மாஸ்கோவில் 1960-ம் ஆண்டு ஒரு பல்கலைக் கழகம் ஏற்பட்டது. ஆசிய, ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்க இளைஞர்களை மனத்தில் வைத்தே அதைத் தொடங்கினார்கள். 1961-ல் காங்கோ தலைவர் பத்ரிஸ் லுமும்பாவின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. 1992-ல் நீக்கப்பட்ட அந்தப் பெயர், 2023-ல் மறுபடியும் வந்தது.

பெயர் மாறினாலும் ஓர் ஏற்பாடு மாறவில்லை. ருஷ்ய மொழியில் படிக்க விரும்பி, அம்மொழி தெரியாமல் வருகிறவர்கள் முதலில் ஆயத்த வகுப்பில் சேருகிறார்கள். ஓர் ஆண்டு கழித்து ருஷ்ய மாணவர்களோடு உட்கார்ந்து பாடம் கேட்க வேண்டும். அதற்குள் மொழி வசப்படாவிட்டால், வந்த காரியமே கெட்டுவிடும்.

ஆங்கிலத்தில் வைத்தியம் கற்பிக்கும் கல்லூரிகளும் அங்கே உண்டு. தமிழ்நாட்டு மாணவர்கள் பலர் அவற்றில் சேருகிறார்கள். அவர்களும் தப்ப முடியாது. ஆஸ்பத்திரிப் பயிற்சிக்குப் போனால், கட்டிலில் படுத்திருக்கும் பாட்டி தன் வலியை ருஷ்ய மொழியில்தானே சொல்வாள்!

ஏமாற்றும் எழுத்துகள்

ருஷ்ய மொழிக்கு எழுத்துகள் 33. அவற்றில் இரண்டுக்குத் தனி ஒலியே கிடையாது.

சில எழுத்துகள் ஆங்கில எழுத்துகளைப் போலவே இருந்து ஏமாற்றும். 'சி' போன்ற எழுத்துக்கு 'ஸ' ஒலி. 'எச்' போன்றதற்கு 'ந' ஒலி. 'ரெஸ்டரான்' என்ற ஹோட்டல் பலகையை ஆங்கிலம் படித்தவர் 'பெக்டோபா' என்று வாசித்துவிட்டு விழிப்பார்!

அழுத்தம் மாறினால் பொருளும் மாறும். 'ஸாமக்' என்று முன்னால் அழுத்தினால் கோட்டை. 'ஸமோக்' என்று பின்னால் அழுத்தினால் பூட்டு. எழுத்தில் இரண்டும் ஒன்றே.

நமக்குத் தெரிந்த வழி

நம் மாணவர்கள் பெரும்பாலும் ஆங்கில விளக்கத்தோடுதான் ருஷ்ய இலக்கணம் படிக்கிறார்கள். ஆனால் பல இடங்களில் தமிழ்தான் குறுக்கு வழி.

"எதா க்னீகா" என்றால் "இது புத்தகம்". நடுவில் வேறு சொல் வேண்டியதில்லை. "எனக்கு இருபது வயது", "எனக்குக் குளிராக இருக்கிறது" என்கிறோம். ருஷ்யரும் அங்கே "எனக்கு" என்றுதான் தொடங்குவார். "நான் புத்தகம் உடையேன்" என்று சொல்லாமல், "என்னிடம் புத்தகம் இருக்கிறது" என்பார். நீ, நீங்கள் என்ற மரியாதை வித்தியாசமும் உண்டு.

நம் இலக்கணத்தில் வேற்றுமை எட்டு. அவர்களுக்கு ஆறு. மாஸ்கோவுக்கு, மாஸ்கோவில், மாஸ்கோவிலிருந்து என்று நாம் சொல்லின் முடிவை மாற்றுகிறோம். அவர்களும் மாற்றுகிறார்கள். "படித்தேன்" என்பதற்கும் "படித்துவிட்டேன்" என்பதற்கும் உள்ள பேதத்தை உணர்ந்தவருக்கு, ருஷ்ய வினைச்சொற்கள் ஏன் ஜோடி ஜோடியாக வருகின்றன என்பது விளங்கும்.

எல்லாம் சுலபமல்ல

உயிரில்லாத பொருளுக்கும் அங்கே பால் உண்டு. மேஜை ஆண், புத்தகம் பெண், ஜன்னல் இரண்டும் இல்லை! பாலுக்குத் தக்கபடி வேற்றுமை உருபும் மாறும். நமக்கோ மேஜைக்கும் புத்தகத்துக்கும் ஒரே 'கு' போதும்.

"போ" என்று பொதுவாகச் சொல்லிவிடவும் முடியாது. நடந்து போவதற்கு ஒரு வினை. வண்டியில் போவதற்கு வேறு வினை. ஒரு திசையில் போய்க்கொண்டிருப்பதற்கும், தினமும் போய் வருவதற்கும் தனித்தனிச் சொற்கள். இவை மனப்பாடத்தால் மட்டும் வராது. வாய் திறந்து பேசிப் பழக வேண்டும்.

ஆகவே, ருஷ்யாவுக்குப் புறப்படும் மாணவர்கள் ஊரில் இருக்கும்போதே 33 எழுத்துகளையும் எழுதிப் பழகிவிடுவது நல்லது. பெட்டியில் ஆங்கில அகராதி இருக்கட்டும். கூடவே, பள்ளியில் படித்த தமிழ் இலக்கணப் புத்தகத்துக்கும் கொஞ்சம் இடம் ஒதுக்கலாம்.