தாழிக்குள் இருப்பது யாருடைய எலும்பு?

டீ சூடாக இருக்கிறது, மெதுவாகவே பேசலாம். கேரளத்தின் மறையூர்ப் பாறைமேல் முனியறைகளைப் பார்த்துவிட்டு இறங்குகிறவர்கள் சிலர் கேட்பதுண்டு: அந்தக் காலத்தில் மனிதனை மனிதன் தின்றானா?

முனியறை என்பது ஊர் வைத்த பெயர். பலகைக் கற்களை நிறுத்தி மூடுகல் ஏற்றிய அந்தக் கல்திட்டைகள் பெருங்கற்கால ஈமச்சின்னங்கள். முதுமக்கள் தாழியும் அந்த மரபுதான். வயதாகிச் சுருங்கிய கிழவர்களை உயிரோடு தாழியில் உட்காரவைத்தார்கள் என்று இன்றும் சொல்கிறார்கள். அப்படியானால் உள்ளே முழு எலும்புக்கூடு இருக்க வேண்டும். பல தாழிகளில் மண்டையோடும் கை கால் எலும்புகள் சிலவும்தான் இருக்கின்றன. உடல் வேறிடத்தில் மட்கிய பிறகு எலும்பைப் பொறுக்கி, மரியாதையோடு மறுபடி அடக்கம் செய்திருக்கிறார்கள்.

தின்றதற்கு வேறு தடயம் வேண்டும். சதை ஒட்டும் இடத்தில் கல்கத்திக் கீறல், மூளைக்கும் மஜ்ஜைக்குமாக உடைத்த உடைப்பு, மனிதப் பல்லின் கடி. இங்கிலாந்தின் கஃப் குகையில் சுமார் 14,700 ஆண்டுக்கு முந்தைய எலும்புகளில் இவை இருக்கின்றன. மண்டையோடுகளைச் செதுக்கிக் கிண்ணமாக்கியிருந்ததை சில்வியா பெல்லோ குழு 2011இல் விளக்கியது. அங்கே தின்றார்கள் என்பதை என்னால் மறுக்க முடியவில்லை. அது பசியா, இறந்தவருக்குச் செய்த சடங்கா என்று கேட்டால், கிண்ணங்கள் சடங்கின் பக்கம் சாய்கின்றன. ஜெர்மனியின் ஹெர்க்ஸ்ஹைம் கதை வேறு. சுமார் 7,000 ஆண்டுக்கு முந்தைய அந்த எலும்புக் குவியலை 2009இல் ஒரு குழு நரமாமிசம் தின்றதன் தடயம் என்றது. மறு அடக்கச் சடங்கு என்று வேறு ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள். சடங்குக்காகச் சதையை வழித்தாலும் கீறல் விழும் அல்லவா? கீறல் மட்டும் போதாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

கி.மு. 5ஆம் நூற்றாண்டில் கிரேக்கர் ஹெரோடோட்டஸ், நோயில் விழுந்த உறவினரைக் கொன்று தின்பவர்கள் என்று இந்தியர்களில் ஒரு கூட்டத்தாரைப் பற்றி எழுதினார். அவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. கேள்விப்பட்டதை எழுதினார், அது நூற்றாண்டுகள் கடந்து வாழ்ந்தது. எலும்பைப் பார்க்காமல் எந்த மக்கள்மீதும் இந்தப் பழியைச் சுமத்தக்கூடாது, ஐரோப்பியர்மீதும்தான்.

கேரளத்தின் அமிலத்தன்மையுள்ள செம்மண்ணில் எலும்பு தங்குவதே அரிது. அதனால் பாலக்காட்டிலோ இடுக்கியிலோ உங்கள் தோட்டத்தில் தாழி தட்டுப்பட்டால், உள்ளே இருப்பதை எடுத்துக் கழுவாதீர்கள். மண்ணோடு அப்படியே விட்டுத் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள்.