பங்கீட்டில் தவறிய விதவைகளும் தியாக்கோன் பணியும்

பெயர்ப்பட்டியல் என்றால் என்னவென்று எமக்கு எவரும் சொல்லித்தரத் தேவையில்லை. 1990 ஜூன் மாதம் மயிலிட்டியை விட்டு வெளியேறிய நாம், நலன்புரி நிலையங்களில் வருடக்கணக்காக அரிசிக்கும் மாவுக்கும் பருப்புக்கும் வரிசையில் நின்றவர்கள். எமது முகாமில் ஒரு தாயின் நிவாரண அட்டை மகனின் பெயரில் இருந்தது. மகன் வேறிடம் போனதும் அட்டை வெட்டப்பட்டது. "அம்மா, உங்கட பேர் இதில இல்லை" என்று மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். அவர் சண்டை பிடிக்கவில்லை. பையை மடித்துக்கொண்டு போய்விட்டார். அயலவர்கள்தான் முணுமுணுத்தார்கள்.

திருச்சபையில் தியாக்கோன் என்ற பணி தோன்றியதும் இப்படியொரு முணுமுணுப்பிலிருந்துதான். அப்போஸ்தலர் பணி நூலின் 6ஆம் அதிகாரம் அதைச் சொல்கிறது. எருசலேமின் முதற் சபையார் உள்ளதைப் பொதுவில் வைத்துப் பகிர்ந்து வாழ்ந்தார்கள். அவர்களுள் எபிரேயர் ஒரு பக்கம். கிரேக்க மொழி பேசும் யூதர் மறுபக்கம். அன்றாடப் பங்கீட்டில் தங்கள் விதவைகள் கவனிக்கப்படவில்லை என்று கிரேக்க மொழியார் முறைப்பட்டார்கள்.

அப்போஸ்தலர்கள் அந்த முறைப்பாட்டை அடக்கவில்லை. தாங்களே பந்தியைப் பார்த்தால் போதனை கெட்டுவிடும் என்று கூறி, ஏழு பேரைத் தெரிந்தெடுக்கும்படி சபையாரிடமே விட்டார்கள். அரிசி அளக்கிற வேலைதானே என்று எவரையும் பிடித்து நிறுத்தவில்லை. நற்பெயரும் ஞானமும் தூய ஆவியின் நிறைவும் உள்ளவர்களாய் இருக்கவேண்டும் என்று கேட்டார்கள். தெரிவான ஏழு பேரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். அவர்களில் நிக்கொலா என்பவர் அந்தியோக்கியாவைச் சேர்ந்தவர்; பிறப்பால் யூதருமல்லர். குறை சொன்ன பக்கத்தாரின் கையிலேயே களஞ்சியத்தின் திறப்பு கொடுக்கப்பட்டது என்றே நாம் இதை வாசிக்கிறோம். (அந்த அதிகாரம் அவர்களைத் தியாக்கோன் என்று அழைக்கவில்லை. பின்வந்த திருச்சபையே அவர்களை முதல் தியாக்கோன்மாராகக் கொண்டது.)

தியாக்கோன் என்ற கிரேக்கச் சொல்லுக்குப் பணியாள், பந்தியில் பரிமாறுபவர் என்று பொருள். பழைய தமிழ் வேதாகமம் 'உதவிக்காரர்' என்கிறது. கத்தோலிக்கர் 'திருத்தொண்டர்' என்றும் சொல்வர். பவுலடியார் உரோமையருக்கு எழுதிய மடலில் பெபேயாள் என்ற பெண்ணுக்கும் இதே சொல்லைக் கையாண்டிருக்கிறார் என்பதை எம் தாய்மார் கவனிக்கவேண்டும்.

எம் கோயில்களில் தியாக்கோனை நாம் பெரும்பாலும் குருவாகப் போகிறவராகவே காண்கிறோம். இடது தோளிலிருந்து குறுக்காக விழும் பட்டியே அவருக்கு அடையாளம். நற்செய்தி வாசிப்பார், மறையுரை ஆற்றுவார், ஞானஸ்நானம் கொடுப்பார், திருமணத்தை ஆசீர்வதிப்பார், மரித்தோரை அடக்கம் செய்வார். திருப்பலி ஒப்புக்கொடுக்கவும் பாவசங்கீர்த்தனம் கேட்கவும் அவருக்கு அதிகாரமில்லை. மேற்குத் திருச்சபையில் இப்பணி பல நூற்றாண்டுகளாகக் குருத்துவத்துக்கு ஏறும் ஒரு படியாகவே சுருங்கிக் கிடந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் வழி திறந்தது. 1967இல் பாப்பரசர் ஆறாம் பவுல் மணமான ஆண்களும் நிலையான தியாக்கோன்மாராகலாம் என்று முறைமை வகுத்தார்.

அங்கிலிக்கன் சபையிலும் தென்னிந்திய திருச்சபையிலும் குருப்பட்டத்துக்கு முன் இப்பட்டம் உண்டு. யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் போதித்த கிறிஸ்தியான் தாவீது 1824இல் கல்கத்தாவில் ஹீபர் ஆயரின் கையால் அபிஷேகம் பெற்றார். மயிலிட்டிக்கு அயலான தெல்லிப்பழையில் 1816இல் வந்திறங்கிய அமெரிக்க மிஷனரிமாரின் சபை மரபோ வேறு. அங்கே டீக்கன் என்பவர் சபையார் வாக்களித்துத் தெரிவுசெய்யும் இல்லறத்தவர். ஏழு பேரைத் தெரிந்த விதத்துக்கு இதுவே கிட்ட நிற்கிறது என்பது எமது எண்ணம்.

2017 ஜூலை 3ஆம் திகதி மயிலிட்டித் துறைமுகமும் அதை அண்டிய 54 ஏக்கர் நிலமும் விடுவிக்கப்பட்டன. 2018இல் வலிகாமம் வடக்கில் மேலும் நிலம் விடுபட்டது. அத்தோடு பட்டியல்களும் பெருகின: வீட்டுக்கு ஒன்று, கிணறு இறைப்பதற்கு ஒன்று, மலசலகூடத்துக்கு ஒன்று. உறுதி தொலைந்தவர்கள் இருக்கிறார்கள். செம்பாட்டு மண்ணில் குத்தகைக்கு வெங்காயமும் புகையிலையும் செய்து, சொந்தக் காணி இல்லாமலே இடம்பெயர்ந்தவர்கள் இருக்கிறார்கள். 1990இல் ஒரு அட்டையில் இருந்த குடும்பம், பிள்ளைகள் முகாமிலேயே மணமுடித்ததால் மூன்றாய் நாலாய்ப் பிரிந்திருக்கிறது. இவர்களில் யார் எந்தத் தலைப்பின் கீழ் வருவார் என்பது பட்டியல் எழுதுபவருக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியும். ஆலய சபைகளும் கிராம அபிவிருத்திச் சங்கங்களும் இப்பட்டியல்களைச் சரிபார்க்கக் கூடும்போது, முன்பு விடுபட்டவர்களில் இருவரையாவது மேசையில் இருத்தவேண்டும் என்று நாம் கேட்பது இதனாலேயே.

முகாமில் அந்தத் தாய்க்காக விதானையாரிடம் போனவர்களும் பெரியவர்கள் அல்லர். முன்னொரு முறை தங்கள் பெயரும் தவறிப்போய் அலைந்த இரண்டு பெண்கள் அவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். நாலாம் முறை வாசித்தபோது, தட்டச்சுப் பட்டியலின் அடியில் அவருடைய பெயர் பேனாவால் எழுதப்பட்டிருந்தது.