எம்பிஏ சேரப் போறீங்களா? பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

மூணு வருஷம் வேலை பார்த்தாச்சு. சம்பளம் பெரிதாக ஏறவில்லை. கூடப் படித்தவர் மேனேஜர் ஆகிவிட்டார். அப்போதுதான் அந்த யோசனை வரும்: ‘பேசாம எம்பிஏ பண்ணிடலாமா?’

தாராளமாகப் பண்ணலாம். ஆனால், சில லட்சங்களையும் 2 ஆண்டுகளையும் கேட்கும் முடிவு இது. ‘100% பிளேஸ்மென்ட்’ விளம்பரத்தை மட்டும் நம்பி இறங்க வேண்டாம்.

1. எதற்காக எம்பிஏ?

‘இந்த வேலை பிடிக்கல’ என்பது மட்டும் போதாது. கோடிங்கில் இருந்து மார்க்கெட்டிங், நிதி என வேறு துறைக்கு மாற வேண்டுமா? நடுவில் இன்டர்ன்ஷிப் உள்ள 2 ஆண்டு முழுநேரப் படிப்பு கைகொடுக்கும். நல்ல பணி அனுபவம் இருந்தால் ஐஐஎம் அகமதாபாத், பெங்களூரு, கொல்கத்தாவில் 1 ஆண்டுப் படிப்புகள் உள்ளன. வேலையை விட முடியாதவர்களுக்கு வார இறுதி, ஆன்லைன் படிப்புகள் உண்டு. ஆனால், இவற்றில் கேம்பஸ் இன்டர்வியூவைப் பெரிதாக எதிர்பார்க்க முடியாது.

2. எம்பிஏவா, பிஜிடிஎம்மா?

எம்பிஏ, பல்கலைக்கழகம் தரும் பட்டம். பிஜிடிஎம், ஏஐசிடிஇ அனுமதி பெற்ற தன்னாட்சி நிறுவனங்கள் தரும் டிப்ளமோ. ஐஐஎம்களே பல ஆண்டுகள் டிப்ளமோதான் கொடுத்தன. 2017 ஐஐஎம் சட்டத்துக்குப் பிறகுதான் பட்டம் தருகின்றன. எனவே, ‘டிப்ளமோதானே’ என்று ஒதுக்க வேண்டாம். பிஎச்டி, அரசு வேலை யோசனை இருந்தால் மட்டும், அந்தப் படிப்பை எம்பிஏவுக்கு இணையாக ஏஐயு அங்கீகரித்துள்ளதா என்று பாருங்கள். ஆன்லைன் என்றால், யுஜிசி அனுமதிப் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும்.

3. சராசரியா, மீடியனா?

10 பேரில் 9 பேருக்கு ஆண்டுக்கு 6 லட்சம், ஒருவருக்கு 46 லட்சம் சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். சராசரி 10 லட்சம்! விளம்பரத்தில் வருவது இதுதான். ஆனால், வரிசையில் நடுவில் நிற்பவர் வாங்குவது 6 லட்சம். இதுதான் மீடியன்.

இதை எங்கே பார்ப்பது? மத்திய அரசின் என்ஐஆர்எப் தரவரிசைக்குக் கல்லூரிகள் கொடுத்த விவரங்கள் அவற்றின் இணையதளத்திலேயே இருக்கும். எத்தனை பேர் படிப்பை முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, மீடியன் சம்பளம் எவ்வளவு என எல்லாம் அதில் உண்டு. வெறும் ரேங்க்கை மட்டும் பார்க்காதீர்கள்; ஆராய்ச்சிக்கும் அதில் மதிப்பெண் உண்டு.

4. இஎம்ஐ கட்ட முடியுமா?

15 லட்சம் கடன், 10% வட்டி, 7 ஆண்டுகள் என்றால் மாத இஎம்ஐ சுமார் ரூ.24,900. படிக்கும் காலத்தில் சேரும் வட்டி தனி. ஆண்டுக்கு 6 லட்சம் சம்பளம் என்றால் மாதம் 50,000. பிஎப் பிடித்தம் போக இன்னும் குறையும். பாதி சம்பளம் கடனுக்கே போய்விடும். படிக்கும் 2 ஆண்டுகளில் இழக்கும் சம்பளத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரிய தொகைக்கு வங்கி வீட்டுப் பத்திரத்தைக் கேட்கலாம். அது அப்பா, அம்மாவின் வீடு என்பது நினைவிருக்கட்டும்.

5. அவசரம் எதற்கு?

திருச்சி உள்ளிட்ட ஐஐஎம்களுக்கு ‘கேட்’, எக்ஸ்எல்ஆர்ஐக்கு ‘எக்ஸாட்’, அண்ணா பல்கலைக்கழகம் போன்றவற்றுக்கு ‘டான்செட்’ என வழிகள் பல. டான்செட் மூலம் அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தால் கட்டணச் சுமை வெகுவாகக் குறையும். மதிப்பெண் குறைந்துவிட்டது என்பதற்காக, ‘இன்னைக்கே சீட் புக் பண்ணுங்க’ என்று போனில் நெருக்கும் கல்லூரியில் சேர வேண்டாம். வேலையில் இருந்தபடியே அடுத்த ஆண்டு மறுபடி எழுதலாம்.

கடைசியாக ஒன்று: லிங்க்ட்இன்னில் அந்தக் கல்லூரியில் கடந்த ஆண்டு படித்து முடித்த 2, 3 பேரிடம் பேசுங்கள். போஸ்டரில் சிரிக்கும் டாப்பரிடம் அல்ல, சாதாரண மாணவரிடம். ‘மறுபடி வாய்ப்பு கிடைத்தால் இதே கல்லூரியில் சேருவீங்களா?’ என்று கேளுங்கள். பதில் சொல்ல அவர் தயங்கினால், நீங்களும் கொஞ்சம் நின்று யோசியுங்கள்.