மூச்சு வழியைக் காக்கும் வித்தை

விபத்தில் அடிபட்டோ விஷம் உட்கொண்டோ பிரக்ஞை இழந்து மல்லாந்து கிடக்கும் ஒருவனுக்கு முதல் சத்துருவாக வாய்ப்பது பெரும்பாலும் அவனுடைய நாக்கே. தசைகள் தளர்ந்த மாத்திரத்தில் அது பின்னால் சரிந்து தொண்டையை அடைத்துக்கொள்ள, பிராணவாயு கிடைக்காத மூளை நாலைந்து நிமிஷங்களிலேயே சேதமடையத் தொடங்கிவிடுகிறது. ஆகவே அவசர சிகிச்சைப் பிரிவில், பெருகியோடும் ரத்தத்தை நிறுத்துவது நீங்கலாக, வேறெந்தக் காரியத்துக்கும் முன்பாகச் சுவாச மார்க்கத்தைத்தான் கவனிக்கிறார்கள்.

இதற்கென்று கண்ட வித்தைகளில் சிரமமானது, வாய் வழியாக மூச்சுக்குழலுக்குள் ஒரு குழாயைச் செலுத்துவது. 1878-ம் வருஷம் கிளாஸ்கோ நகரில் வில்லியம் மெக்யூவன் என்ற சஸ்திர வைத்தியர், பிணங்களில் பழகிப் பார்த்துக்கொண்டு, வாயில் புற்று கண்ட ஒரு நோயாளிக்கு, அவர் விழித்திருக்கையிலேயே, விரலால் தடவியே உலோகக் குழாயைச் செலுத்தி, அதன் பிறகு குளோரோபார்ம் கொடுத்தார். விரல் செய்த அந்த வேலையை இன்று லாரிங்கோஸ்கோப் செய்கிறது. அதன் வளைந்த தகட்டை 1943-ல் அறிமுகம் செய்தவர் ஆக்ஸ்போர்டுப் பேராசிரியர் ராபர்ட் மெக்கின்டாஷ். இடக்கையில் அதைப் பிடித்து, வாயின் வலப்புறமாக நுழைத்து, நாக்கை இடப்புறம் ஒதுக்கி, பல்லின்மேல் நெம்பாமல் கைப்பிடியின் திசையிலேயே தூக்கினால், வெண்மையான குரல்நாண்கள் இரண்டும் தென்படும். குழாய் போகவேண்டியது அவற்றின் நடுவே. அதற்குச் சற்றே பின்னால் இருப்பது உணவுக்குழல். தவறி அதற்குள் போய்விட்டாலும் மார்பு எழுந்து தாழ்வதுபோலத் தோன்றி அனுபவசாலிகளையே ஏமாற்றிவிடும் என்பதால், வெளிவரும் மூச்சில் கரியமில வாயு இருப்பதைக் காப்னோகிராப் காட்டினாலொழியக் குழாயை நம்புவதற்கில்லை.

என் அபிப்பிராயத்தில், குழாயைச் செலுத்தத் தெரிந்தவரைவிட அம்முயற்சியை எப்போது கைவிடுவது என்று தெரிந்தவரே தேர்ந்தவர். 2005-ல் இங்கிலாந்தில், சாதாரண சைனஸ் அறுவைக்காக மயக்கம் கொடுக்கப்பட்ட ஒரு பெண்மணிக்கு மூச்சு அடைபட்டபோது, அனுபவம் மிக்க மூன்று வைத்தியர்கள் குழாய் ஒன்றிலேயே குறியாக இருந்துவிட்டார்கள். கழுத்தில் துளையிட்டு வழி செய்யும் உபகரணத்தைத் தாதி கொண்டுவந்து வைத்தும் ஒருவரும் அதைத் தொடவில்லை. அந்த அம்மாள் பிழைக்கவில்லை. குழாய் ஏறாவிட்டால் முகமூடியும் காற்றுப்பையும் கொண்டு பிராணவாயு ஊட்டுவதும், அதுவும் பலிக்காதபோது தயங்காமல் கழுத்தைத் துளைப்பதுமே முறை.

நமக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. மயங்கி விழுந்தவர் வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றும் வழக்கத்தை அடியோடு விட்டுவிடுங்கள். அது நேரே மூச்சுக்குழலுக்குள் இறங்கக்கூடும். மூச்சு ஓடிக்கொண்டிருந்து, கழுத்தில் அடிபட்டதாகச் சந்தேகமும் இல்லையென்றால், அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, 108-ஐ அழையுங்கள்.