மே ஈயா, ஈசலா? அந்தமான் ஓடைகளின் நலம் காட்டும் பூச்சியை அடையாளம் காண்பது எப்படி?

மழைக்கால மாலையில் விளக்கொளியை நாடிவரும் சிறகுப் பூச்சியை ஈசல் என்று ஒதுக்கிவிடுவது எளிது. அந்தமானின் காட்டோடைகளை ஒட்டிய பகுதிகளில் அது ‘மே ஈ’ ஆகவும் இருக்கக்கூடும். ஈசல், கரையான் புற்றிலிருந்து வருவது. மே ஈயோ நீரில் வளர்ந்து வெளிவருவது. ஐரோப்பாவில் மே மாதத்தையொட்டிப் பெருமளவில் பறப்பதால் இப்பெயர் ஏற்பட்டது. வெப்பமண்டலத்தில் அத்தகைய மாதக் கணக்கு இல்லை.

வேறுபாட்டை அறிய நுண்ணோக்கி தேவையில்லை. அமர்ந்திருக்கும்போது ஈசல், ஒரே அளவுள்ள நான்கு சிறகுகளையும் முதுகின்மேல் படிய வைத்திருக்கும். மே ஈ, வண்ணத்துப்பூச்சியைப் போல் சிறகுகளை மேல்நோக்கி நிமிர்த்தி வைத்திருக்கும். அதன் முன்சிறகுகள் பெரிய முக்கோண வடிவின. பின்சிறகுகள் மிகச் சிறியவை, சிலவற்றில் அவையும் இல்லை. உடலின் முடிவில் இரண்டு அல்லது மூன்று நீண்ட வால் இழைகள் இருக்கும். ஈசலுக்கு இவை கிடையாது.

சிறகு புகைபடிந்தாற்போல் மங்கலாக இருந்தால், அது முழு வளர்ச்சிக்கு முந்தைய நிலை. சிறகு முளைத்த பின்னரும் ஒருமுறை தோலுரிக்கும் பூச்சியினம் இன்று உலகில் இது ஒன்றே. முழு வளர்ச்சி அடைந்தபின் அது உண்பதில்லை. சில மணி நேரமோ ஓரிரு நாள்களோதான் வாழும்.

நீருக்குள் வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ வாழும் இளம்பூச்சியைத் தேடுவோர், ஓடைக்கல்லைப் புரட்டிப் பார்க்கலாம். அங்கே ஊசித்தட்டானின் இளம்பூச்சி குழப்பம் தரும். அதற்கும் வால்பகுதியில் மூன்று நீட்சிகள் உண்டு. ஆனால் அவை இலை போன்று தட்டையானவை. மே ஈக்கு வால்கள் நூல் போன்றவை. செவுள்கள் வயிற்றின் இருபுறமும் அமைந்திருக்கும்.

நீலகிரியிலும் காஷ்மீரிலும் டிரவுட் மீனுக்குத் தூண்டிலிடுவோர், இப்பூச்சியின் உருவில் இறகாலும் நூலாலும் போலி இரை கட்டுவர். டிரவுட் இல்லாத அந்தமானில் இதற்கு வேறொரு பயன் உண்டு. பெரும்பாலான மே ஈக்களுக்கு உயிர்வளி நிறைந்த தூய நீர் தேவை. எனவே அவை மறைவது, நீர் கெடுவதன் முன்னறிவிப்பு ஆகலாம். ஸ்ரீ விஜயபுரம் (முன்னாள் போர்ட் பிளேர்) குடிநீருக்குப் பெரிதும் நம்பியிருப்பது தனிகாரி ஓடையின் அணையைத்தான் என்பதால், இது பூச்சியியலாளரின் கவலை மட்டுமன்று.

எனினும், ஒரு மே ஈயைக் கண்டதும் நீர் தூயது என முடிவுகட்ட இயலாது. சேறு படிந்த நீரைத் தாங்கும் வகைகளும் உள்ளன. அதனால்தான் ஆய்வாளர்கள் எண்ணிக்கையுடன் குடும்பத்தையும் பிரித்தறிகின்றனர்.

தீவில் ஓர் ஓடையின் மே ஈக்கள் அழிந்தால், 1,300 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள சென்னைப் பக்கத்திலிருந்து, ஓரிரு நாளே வாழும் பூச்சி கடல் கடந்து வந்து அவ்விடத்தை நிரப்பும் என எதிர்பார்க்க முடியாது. நீரைக் கெடுக்காமலும் அவற்றுக்குக் கேடு நேரலாம்: தார்ச்சாலை, நீர்ப்பரப்பைப் போலவே ஒளியைப் பிரதிபலிப்பதால், மே ஈக்கள் ஏமாந்து அதன்மீது முட்டையிடுவதை ஹங்கேரி ஆய்வாளர்கள் 1998-இல் விளக்கினர். அம்முட்டைகள் பொரிப்பதில்லை.